தடித்த எழுத்தில் தமிழ்

குளுவாங்கையும் மெர்சிங்கையும் இணைக்கும் சாலையில் உள்ள காஹாங் போன்ற சிறு பட்டணங்களில், கடைப் பெயர்ப்பலகையைப் பலரும் படிப்பது வாகனத்தில் இருந்தபடிதான். கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. ஊராட்சி மன்றங்களின் விளம்பரத் துணைச் சட்டங்கள் தேசிய மொழிக்கு முதன்மை தரச் சொல்வதால், தமிழுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது பலகையின் ஓர் ஓரமே. அந்தச் சிறிய இடத்திலும் தமிழ் கண்ணில் படவேண்டுமென்று எழுத்தைத் தடிமனாக்குகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ரோமன் எழுத்து இந்தச் சிக்கலை எப்போதோ கடந்துவிட்டது. ஜெர்மானியரான பால் ரென்னர் வரைந்த ஃபியூச்சரா எழுத்துரு 1927இல் வெளிவந்தது. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவையே அதன் அடிப்படை. எழுத்தின் நுனிகளில் குறுங்கோடுகள் கிடையா. கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன். அதன் தடித்த வடிவங்களை விளம்பர உலகம் வாரி அணைத்துக்கொண்டது. நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து எழுதிய ரென்னர் 1933இல் கைது செய்யப்பட்டார், வேலையும் பறிபோனது. அவருடைய எழுத்தோ, 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் விட்டுவந்த தகட்டில் இடம்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே பருமன் என்பது தமிழுக்குப் புதிதல்ல. எழுத்தாணியால் ஓலையில் கீறியபோது கோட்டில் தடிப்பு, மெலிவு என்ற பேச்சுக்கே பெரிதாக இடமில்லை. ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதினார்கள். படித்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்! அச்சு வந்தபோது வேறொரு நெருக்கடி. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடியில் பயன்பாட்டுக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று. சிறிய இடத்துக்குள் தமிழை அடக்கும் போராட்டம் அன்றே தொடங்கிவிட்டது.

ட, ப போன்ற எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. எவ்வளவு தடித்தாலும் தாங்கும். ண, ஞ, இ, ஐ அப்படியல்ல. கணினியில் ஒரு பொத்தானைத் தட்டித் தடிமனாக்கினால் கோடு உள்ளேயும் புறமேயும் வீங்கும். சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும். பிறகு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மணமும் மனமும் ஒன்று, பணியும் பனியும் ஒன்று. திருமண மண்டபத்தின் பலகையில் இப்படி நேர்ந்தால் சிரிப்பதா, வருந்துவதா?

இதற்குத் தடித்த வடிவத்தைத் தனியாகவே வரைய வேண்டும். எழுத்தைச் சற்று அகலமாக்கி, நெரிசலான சுழிகளில் மட்டும் கோட்டை மெலிதாக்குவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே பருமனாகவே தோன்றும். ஒரே பருமனுள்ள தமிழ் எழுத்துக்கு மலேசியாவிலிருந்தே நல்ல உதாரணம் உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் வரைந்த 'தமிழ் சங்கம் எம்என்' ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது பருமன்களில் கிடைக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழுவினர் தடித்த தலைப்பெழுத்தாக 'பாலூ தம்பி'யையும், பருமனையும் அகலத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய 'அனேக் தமிழ்' எழுத்துருவை 2022இலும் வெளியிட்டனர். இம்மூன்றும் இலவசம்.

பலகை செய்பவரிடம் "கொஞ்சம் தடியாக்கித் தாருங்கள்" என்பதைவிட, தடித்த வடிவம் தனியாக வரையப்பட்ட எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். மாதிரியில் ண வரும் சொல்லை இருபது அடி தள்ளி நின்று படித்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கலாம்.