எலுமிச்சையில் சொறியா, மஞ்சள் நோயா? காயை அறுத்தால் தெரியும்

செரண்டா: செரண்டாவிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் தமிழர் வீட்டு வாசலில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அருகருகே நிற்பது பழகிய காட்சி. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களும் இந்த இரண்டை விடுவதில்லை. ஊறுகாய்க்கு, அம்மன் மாலைக்கு, புதுக் காரின் சக்கரத்துக்கு என்று காய் வேண்டியிருக்கிறதே!

அந்தக் காய் சொறிபிடித்தோ கோணலாகவோ வந்தால் சிலர் கண்பட்டுவிட்டது என்பார்கள், சிலர் உரம் போதவில்லை என்பார்கள். உரக்குறையும் உண்டுதான். ஆனால் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு நோய்கள். ஒன்றோடு மரம் பல ஆண்டு வாழும். மற்றது மரத்தை உள்ளிருந்து தேய்த்து, பக்கத்து வீட்டு மரத்துக்கும் போகும்.

முதலாவது சொறி நோய். காயிலும் இலையிலும் தடித்த, தக்கை போன்ற பழுப்புப் புள்ளிகள் வரும். இலையில் அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். பாக்டீரியாவால் வரும் இது காற்றோடு அடிக்கும் மழையில் பரவுகிறது. இலைக்குள் வெள்ளிக் கோடு கீறும் இலைத்துளைப்பான் புழு விட்ட காயத்தின் வழியாகவும் எளிதில் நுழையும். நம் ஊறுகாய் எலுமிச்சைக்கு இது சீக்கிரம் பிடிக்கும். லிமாவ் கஸ்தூரி நன்றாகத் தாங்கும். சொறிக்காயைச் சாப்பிடுவதால் கேடில்லை.

சொறிபிடித்த கிளைகளை வெயில் நாளில் வெட்ட வேண்டும். மழை ஈரத்தில் கத்தரிக்கோல் வைத்தால் நோய்தான் பரவும். குழாய் நீரை இலைமேல் பீய்ச்சாமல் வேரில் விடுவது நல்லது. செம்பு மருந்து வந்த புள்ளியை ஆற்றாது, புதிதாக வருவதைத்தான் தடுக்கும். ஆகவே தளிர் விடும்போதும் காய் சிறிதாக இருக்கும்போதும் தெளிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்தால் போதும்.

இரண்டாவதுதான் பெரிய வினை. சீனாவில் ஹுவாங்லோங்பிங் என்றும், தமிழில் பசுமை நோய் என்றும் சொல்வார்கள். தெரெங்கானுவில் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்தது இதுவே. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் இது கண்டறியப்பட்டது. 2003-04இல் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2022-23இல் சுமார் 1.6 கோடிப் பெட்டிதான். புயல்களும் சேர்ந்து அடித்தன என்றாலும் முதல் காரணம் இந்த நோய்.

அடையாளம் காண ஒரு பேனா போதும். மஞ்சள் படர்ந்த இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒரே இடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளித்திருந்தால் பெரும்பாலும் துத்தநாகம் போன்ற சத்துக்குறை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மஞ்சள் என்று திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிறகு காயை நெடுக்காக அறுங்கள். நடுத்தண்டு வளைந்து, விதைகள் கருத்துச் சூம்பியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உறுதிசெய்ய ஆய்வுக்கூடச் சோதனை தேவை. மாவட்ட விவசாய அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இதற்கு மருந்தில்லை. இனிப்பு ஆரஞ்சு சீக்கிரம் சாய்ந்துவிடும், எலுமிச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சிக்கலே அதுதான். காய்க்கிறதே என்று விட்டுவைத்த மரம் நின்றுகொண்டே நோயைப் பரப்பும். நோய் உறுதியானால் முதலில் பூச்சியைக் கொன்றுவிட்டு மரத்தை வெட்ட வேண்டும். அப்படியே வெட்டினால் பூச்சிகள் அடுத்த வீட்டுக்குப் பறந்துவிடும்.

அந்தப் பூச்சியின் பெயர் சைலிட். 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கியபடி தளிரில் உட்காரும். குஞ்சுகள் வெள்ளை மெழுகுச் சுருளை விடும். எறும்பு வரிசை ஏறும் தளிரைப் புரட்டிப் பார்த்தால் அகப்படும். இதற்குக் கறிவேப்பிலைத் தளிர் மிகப் பிடிக்கும், வேலியில் வளர்க்கும் கெமுனிங்கும் அப்படியே. கறிவேப்பிலை இந்த நோயைச் சுமப்பதாகத் தெரியவில்லை, பூச்சிக்கு வீடாகத்தான் இருக்கிறது. அதற்காகக் கறிவேப்பிலையை வெட்ட வேண்டியதில்லை. பூச்சியுள்ள தளிரைக் கிள்ளிப் பையில் கட்டி வெயிலில் போடலாம், சோப்புத் தண்ணீர் அடிக்கலாம். குழம்பில் போடும் இலைக்கு விஷ மருந்து வேண்டாம்.

இன்னொரு வழியாக நோயைப் பரப்புவது நாமே. மகள் வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று மரத்தில் பதியம் கட்டிக் கொடுக்கிறோம். மலாய்க்காரர்கள் இதைத் 'துட்' என்பார்கள். தாய் மரத்தில் நோய் இருந்தால் பதியத்திலும் இருக்கும், பார்த்தால் தெரியாது. விதை வழியாக இந்த நோய் பரவுவதாகத் தெரியவில்லை. ஊறுகாய் எலுமிச்சை விதையில் பெரும்பாலும் தாய் மரத்தைப் போன்ற கன்றே முளைக்கும். பாட்டி வைத்த மரத்தின் வம்சம் வேண்டுமென்றால், பழுத்த பழத்தின் விதையை எடுத்து, காயவிடாமல் உடனே நடுங்கள். காய்க்கச் சில ஆண்டுகள் கூடுதலாகும்.