எக்ஸ்மூர் மட்டக்குதிரையும் அதன் காவலரும்

வரலாறு என்பது மன்னரோடு முடிவதன்று. மேய்ச்சல் நிலத்துக்கும் வரலாறு உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மேட்டுநிலத்து மட்டக்குதிரை அதற்குச் சான்றாகும்.

அரச வனமாயிருந்த அந்நிலம் 1818 இல் யோன் நைற் என்பாருக்கு விற்கப்பட்டது. அதன் இறுதி வனக்காவலராயிருந்த சேர் தோமஸ் ஆக்லண்ட் 30 அளவிலான குதிரைகளைத் தெரிந்தெடுத்துத் தம் நிலத்திற் பேணினார். 1921 இல் இவ்வினத்துக்கென ஒரு சங்கம் அமைந்தது. ஆயினும், இரண்டாம் உலகப்போரின் முடிவில் எஞ்சியவை ஏறத்தாழ 50 மட்டுமே. மேரி எதறிங்டன் அம்மையார் முதலியோரின் முயற்சியால் இனம் மீண்டது.

1953 இல் மிக்சோமற்றோசிஸ் என்னும் நோய் இங்கிலாந்திற் பரவி முயல்களை மாய்த்தது. முயல் மேயாத சுண்ணக்கற் குன்றுகளில் முரட்டுப்புல்லும் புதரும் ஓங்க, சிறு பூண்டுகள் நலிந்தன. ஆதலின், அப்புல்லை மேயவல்ல இம்மட்டக்குதிரைகளை இயற்கை காப்போர் பிற்காலத்தில் அத்தகைய நிலங்களில் விடலாயினர்.

தாமே திரியும் குதிரைக்கும் காவல் வேண்டும். அயலூர்த் தொண்டர் முறைவைத்துச் சென்று தலை எண்ணுகின்றனர். நடையில் நொண்டல் உண்டோ, கண்ணிற் காயம் உண்டோ, தொட்டியில் நீர் உண்டோ, வேலி அறுந்ததோ என நோக்குகின்றனர். தீனி கொடுப்பதில்லை, கொடுப்பின் குதிரை வழிப்போக்கரை நாடும். பண்டு மேய்ப்பர் கூலிக்குச் செய்த தொழில் இன்று கூலியில்லாத் தொண்டாயிற்று.

மனிதன் குதிரையைக் காத்தான். குதிரை நிலத்தைக் காக்கின்றது. எனினும், நோக்குவோர் இல்லையேல் நொண்டிய குதிரை வேலிக்குள்ளே தனித்து மாயும். கட்டின்றி விடுதல் கைவிடுதல் அன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.