சுசீந்திரம் கைமுக்கு

கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தன் பக்கத்து உண்மையை மெய்ப்பிக்கும் சத்தியச் சோதனை. கன்னியாகுமரி மாவட்டம் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை வழக்கில் இருந்தது.

அகலிகையை நாடிக் கௌதமரின் சாபத்துக்கு ஆளான இந்திரன், கொதிநெய்யில் மூழ்கித் தூய்மை அடைந்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி பிராமணர்கள் மலையாளக் கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு இந்தக் கதையே பின்புலம். நெய்யைக் காய்ச்சி அதற்குள் சிறு நந்தி உருவம் ஒன்றைப் போடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் வெறுங்கையால் அதை எடுக்கவேண்டும். உடனே கையில் கட்டுப்போட்டு முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்க்கும்போது கை வேகாதிருந்தால் அவர் நிரபராதி; வெந்திருந்தால் சாதியிலிருந்து விலக்கு.

உண்மையைத் தேடி நெருப்பை நாடியது சுசீந்திரம் மட்டுமல்ல. பண்டைக் கிரேக்கர் உண்மையை அலேதியா என்னும் பெண் தெய்வமாக உருவகித்தனர். கவிஞர் பிண்டார் அவளைச் சீயசின் மகள் என்கிறார். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில், அரசன் நீதி தவறினால் வாய்பேசாமல் கண்ணீர் விடும் பாவை ஒன்று நிற்கிறது. ஆனால் நீதி விசாரணை என்று வந்தபோது இரு நாட்டாரும் நெருப்பையே சாட்சிக்கு அழைத்தார்கள். சாந்தோக்கிய உபநிடதத்தில் திருட்டுப் பழி சுமந்தவன் பழுக்கக் காய்ச்சிய கோடரியைப் பிடிக்கிறான். சோபோக்கிளீசின் அந்திகோனே நாடகத்தில் காவலாளி காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தவும் தயார் என்கிறான்.

நெய்யின் சூட்டுக்கு மெய்யும் பொய்யும் தெரியாது. குற்றமற்ற எத்தனையோ பேரின் கை வெந்திருக்கும். இதைவிடக் கொடிய அநீதி ஒன்றும் இதில் உண்டு. இந்தச் சோதனைக்கு வரும் வழி ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. அதே வழக்கில் சிக்கிய நம்பூதிரிப் பெண்ணோ 'ஸ்மார்த்த விசாரம்' என்னும் சாதி விசாரணை முடியும்வரை தனியறையில் அடைபட்டுக் கிடந்தாள்; விசாரணையில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதுகூட இல்லை, 'சாதனம்', அதாவது 'பொருள்' என்றே குறித்தார்கள்.

கோயில் நிர்வாகம் நெடுங்காலம் யோகக்காரர்கள் எனப்பட்ட நம்பூதிரிக் குழுவினர் கையில் இருந்தது. 1811இல் திவான் மன்றோ திருவிதாங்கூர்க் கோயில்களை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தபோது அந்தப் பிடி தளர்ந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா (1829–1846) காலத்தில் கைமுக்கு ஒழிக்கப்பட்டது.

1905இல் கொச்சியில் குறியேடத்துத் தாத்ரி என்னும் நம்பூதிரிப் பெண்மீது நடந்த ஸ்மார்த்த விசாரத்தில், அவள் பெயர் சொன்ன அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அவளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்புத் தரப்பட்டது. அவர்களில் எவரும் நெய்யில் கைவிட வேண்டியிருக்கவில்லை.