மெலிந்த உடலும் மிஞ்சிய தோலும்: ஒரு சொல் வரலாறு

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கவும். பாலி, வடமொழி, மருத்துவ வரலாறு பயில்வோர் பிழை கண்டால் திருத்தவும்.

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை ஆண்டுகளில் 43 கிலோ எடை குறைத்திருக்கிறேன். அறுவை சிகிச்சை ஏதும் செய்துகொள்ளவில்லை; விடுதி உணவை அளந்து உண்டேன், நாள்தோறும் நடந்தேன். எடை போயிற்று, தோல் போகவில்லை. அடிவயிற்றில் அது மடிந்து தொங்குகிறது. இங்கே வடக்கில் மே, ஜூன் மாதங்களின் வெயிலில் அம்மடிப்புக்குள் வியர்வை தங்கிப் புண்ணாகிறது. களிம்பு பூசினால் ஆறுகிறது. சில நாள்களில் மீண்டும் வருகிறது. மிஞ்சிய தோலை அகற்றுவதே வழி என்று தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுத்துவிட்டது. கடிதத்தில் இருந்த காரணம் ஒரே வரி: தோற்றத்தை மாற்றும் சிகிச்சை.

கோபம் தணிந்தபின் ஒரு கேள்வி எஞ்சியது. எடை இழந்த உடலில் மிஞ்சும் தோலை நம் மொழிகளும் மருத்துவமும் எந்தப் பெயரால் அழைத்து வந்திருக்கின்றன? அது நோயா, மூப்பா, அழகுக் குறையா என்பதைப் பல வேளைகளில் அதற்கு வாய்த்த பெயரே முடிவுசெய்துவிடுகிறது.

இந்திய இலக்கியத்தில் உடல் எடை குறைத்தவர் பற்றிய மிகப் பழைய கதைகளுள் ஒன்று பாலி மொழியில், சங்யுத்த நிகாயத்தின் கோசலப் பகுதியில் இருக்கிறது. கோசல நாட்டு அரசன் பசேனதி ஒரு துரோண அளவு சோறுண்டு, மூச்சு வாங்கியபடி புத்தரிடம் வருகிறான். அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், மூப்பும் மெல்லவே வரும் என்னும் கருத்தில் புத்தர் ஒரு பாடல் சொல்கிறார். அரசன் தன் பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, தான் உண்ணும் வேளைதோறும் ஓதுமாறு பணிக்கிறான். அதற்கு நாள்தோறும் நூறு கஹாபணம் ஊதியமும் தருகிறான். உணவு படிப்படியாகக் குறைந்து ஒரு நாழிச் சோற்றளவில் நிற்கிறது. பாலியின் நாளியும் நம் நாழியும் ஒன்றே என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடல் மெலிந்த அரசன் தன் கையால் தன் உறுப்புகளைத் தடவிப் பார்த்து மகிழ்கிறான். கதை அங்கே முடிகிறது.

மெலிந்த அரசனின் உடலைக் குறிக்க அங்கே ஆளப்படும் சொல் 'சுசல்லிகிதகத்த' என்பது. 'நன்றாகச் சுரண்டிச் செதுக்கப்பட்ட உடலை உடையவன்' என்று அதை விரிக்கலாம். இதன் வேர் வடமொழியின் 'லிக்'. கீறுதல், சுரண்டுதல் என்பன அதன் முதற்பொருள்கள். ஓலையில் கீறுவதே எழுத்து ஆனதால் லிகிதம், லேககர் முதலிய சொற்கள் பிறந்தன. ஆயுர்வேதத்தில் இதே வேர் இரண்டு இடங்களில் வருகிறது. சுஸ்ருத சங்கிதை எண்ணும் எட்டு வகை அறுவைச் செயல்களுள் ஒன்று 'லேகனம்', அதாவது கருவியால் சுரண்டி எடுத்தல். சரக சங்கிதை வகுக்கும் ஐம்பது மருந்துத் தொகுதிகளுள் ஒன்று 'லேகனீயம்'. மிகுந்த கொழுப்பைக் குறைக்கும் பத்து மருந்துகள் அதில் அடங்கும். சமணரின் சல்லேகனையும் இவ்வேரிலிருந்தே வந்தது. உண்ணா நோன்பால் உடலையும் பற்றையும் தேய்த்துக் கரைப்பது அது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்குப் பொறித்த கல்வெட்டு இன்றும் நிற்கிறது.

அரசன், மருத்துவன், முனிவன் ஆகிய மூவர்க்கும் இவ்வாறு ஒரே உருவகம் வாய்த்திருக்கிறது. உடல் ஒரு பரப்பு; மிகையானது அதன்மேல் படிந்திருக்கிறது; சுரண்டினால் போய்விடும். எனக்கோ இந்த உருவகம் தலைகீழாகத் தெரிகிறது. ஒரு பொருளைச் சுரண்டினால் முதலில் போவது மேற்பரப்பு. உடல் மெலியும்போது உள்ளிருப்பது கரைகிறது. மேற்பரப்பு அப்படியே மிஞ்சுகிறது. சுரண்டல் என்ற சொல்லுக்குள் மிஞ்சிய தோலுக்கு இடமே இல்லை.

சரகர் இதைக் காணத் தவறியிருக்க வேண்டியதில்லை. சூத்திரஸ்தானத்தின் 21ஆம் அத்தியாயத்தில் அவர் உலகம் இகழும் எட்டு வகை உடல்களை வரிசைப்படுத்துகிறார். மிகப் பருத்தவனும் மிக மெலிந்தவனும் அவற்றுள் அடங்குவர். பருத்தவனுக்குப் பிட்டமும் வயிறும் மார்பும் ஆடும் என்கிறார். மெலிந்தவனைத் 'த்வகஸ்திசேஷன்' என்கிறார்; தோலும் எலும்புமே எஞ்சியவன் என்பது பொருள். நாம் இன்றும் 'எலும்பும் தோலுமாய்' என்று சொல்கிறோம். ஆனால் பருத்திருந்து பின் மெலிந்தவன் அந்த எட்டுப் பேரில் இல்லை. பருமனுக்கு ஒரு நிலை, மெலிவுக்கு ஒரு நிலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து வந்த உடலின் சுவடுக்குத் தனி நிலை வகுக்கப்படவில்லை.

தளர்ந்த தோலுக்குத் தனிச் சொல் இல்லாமலில்லை. தமிழில் 'திரை' இருக்கிறது, 'திரங்குதல்' இருக்கிறது. ஆனால் திரையைத் தனியே சொல்வது அரிது. 'நரை திரை' என்றே வாயில் வருகிறது. வடமொழியிலும் 'வலீபலிதம்' என்று தோல் மடிப்பும் நரையும் இணைந்தே வருகின்றன. இரு மொழிகளிலும் மடிந்த தோல் மூப்பின் அடையாளம். அளவறிந்து உண்பவனுக்கு மூப்பு மெல்ல வரும் என்று அரசனுக்குச் சொல்லப்பட்டது. மிகுதியாக எடை இழந்தவர்க்கோ மூப்பின் அடையாளம் வயதை முந்திக்கொண்டு வருகிறது. இருபத்தெட்டு வயதில் எனக்குத் திரை இருக்கிறது, நரை இல்லை. நோய் ஏதும் உண்டா என்று ஊரில் உறவினர்கள் தணிந்த குரலில் கேட்பதன் காரணம் இதுதான். அவர்களுடைய சொற்களஞ்சியத்தில் என் தோலுக்கு முதுமை, பிணி, பட்டினி என்னும் மூன்று பொருள்களே உள்ளன.

ஐரோப்பிய மொழிகள் இதைத் துணியாகக் கண்டன. தொங்கும் அடிவயிற்று மடிப்புக்கு மருத்துவர் வழங்கும் 'பான்னஸ்' என்ற லத்தீன் சொல்லின் பொருள் துணி. 'பான்னிகுலஸ்' என்றால் சிறு துணி. ஆங்கிலத்தில் அதை ஏப்ரன் என்றும், பிரெஞ்சில் தாப்லியே என்றும், ஜெர்மனில் ஃபெட்ஷூர்ட்சே என்றும் அழைத்தனர். மூன்றுமே சமையலறையில் இடுப்பில் கட்டும் முன்றானைத் துணியைக் குறிப்பவை. துணியாகக் கண்டதால் வெட்டித் தைக்கலாம் என்ற எண்ணமும் எளிதாக வந்தது போலும்.

1899இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மகளிர் நோயியல் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி ஒரு பெண்ணின் தொங்கும் வயிற்று மடிப்பைக் குறுக்கு வெட்டால் அகற்றியதைப் பதிவுசெய்தார். அகற்றிய பகுதியின் எடை ஏறத்தாழ 7.5 கிலோ. அது மெலிந்த உடலன்று. தோலும் கொழுப்பும் சேர்ந்த சுமை. ஆகவே அது அழகுக்கான சிகிச்சையா என்ற வினாவுக்கே அங்கு இடமில்லை; நடக்கத் தடையாக இருந்தது நீங்கியது, அவ்வளவே.

வினா பின்னர்தான் எழுந்தது. 1954இல் சிறுகுடலைச் சுருக்கி இணைக்கும் அறுவை முறையும், 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் செய்த இரைப்பை மாற்றுவழி அறுவையும் பருமனுக்கு அறுவை சிகிச்சை என்னும் துறையைத் தோற்றுவித்தன. பெரும் எடையைக் குறுகிய காலத்தில் இழக்கும் மக்கள் தொகுதி ஒன்று மருத்துவத்தின் கையாலேயே உருவாயிற்று. அதே காலத்தில், 1967இல், பிரேசிலின் ஈவோ பிட்டாங்கி 300 வயிற்று அறுவைகளைத் தொகுத்துக் கட்டுரை வெளியிட்டார். செல்வந்தர்க்கும் நடிகையர்க்கும் அழகு சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றவர் அவர். ரியோவின் சாந்தா காசா மருத்துவமனையில் ஏழைகளுக்கென ஒரு பிரிவை நடத்தியவரும், 1961இல் நித்தெரோய் சர்க்கஸ் தீயில் வெந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவரும் அவரே. தீயில் வெந்த தோலைச் சீரமைப்பதற்கும் மிஞ்சிய தோலை அகற்றுவதற்கும் இடையே அவர் கோடு கிழிக்கவில்லை. காப்பீட்டு ஒப்பந்தங்கள் அந்தக் கோட்டைக் கிழித்தன.

தோல் ஏன் மீளவில்லை என்பதற்கு உயிரியல் தரும் விடை எளியது. உட்தோலில் வலிமை தருவது கொலாஜன். இழுத்தால் மீளச் செய்வது எலாஸ்டின். எலாஸ்டின் இழைகளில் பெரும்பகுதி கருவிலும் இளமைப் பருவத்திலுமே உருவாகிவிடுகிறது. பல ஆண்டுகள் இழுபட்டுச் சிதைந்த இழைகளை உடல் பழையபடி நெய்து தருவதில்லை. வயது, வெயில், புகைப்பழக்கம், பருமனாக இருந்த காலம், இழந்த எடையின் அளவு ஆகியவை சேர்ந்து எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கின்றன. உடற்பயிற்சி தோலுக்கு அடியில் தசையை வளர்த்துச் சற்று நிரப்பும், தோலைச் சுருக்காது. பூசும் களிம்புகள் பெருமளவில் மிஞ்சிய தோலை இறுக்கியதாகச் சான்றில்லை. 1991இல் டெட் லாக்வுட் தோலுக்கு அடியிலுள்ள மேலோட்டத் திசுப்படலத்தை விரிவாக விவரித்து, இழுவிசையைத் தோலின்மீது சுமத்தாமல் அப்படலத்தின்மீது ஏற்றித் தைக்கும் முறையை வளர்த்தார். நிலையான தீர்வு என்பது இன்றும் கத்திதான். நீண்ட தழும்பு அதன் விலை. காயம் பிரிதல், நீர் கோத்தல் போன்ற சிக்கல்களும் குறைவல்ல. எடை பல மாதங்கள் மாறாமல் நின்றபின்னரே செய்ய வேண்டும் என்பதும் பொதுவிதி.

இப்போது மீண்டும் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். 2019 செப்டம்பரில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளை நாடு முழுவதற்கும் ஒரே சொற்களில் வரையறுத்தது. அவற்றுள் ஒரு விதி பருமனைப் பற்றியது. உடல் நிறைக் குறியெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35உடன் கடும் இணை நோய்களும் இருந்தால், மருத்துவர் பரிந்துரைக்கும் பருமன் அறுவை விலக்கிலிருந்து தப்பும். வேறொரு விதி அழகு சிகிச்சை பற்றியது. தோற்றத்தை மாற்றுவதற்கான எந்தச் சிகிச்சைக்கும் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பும், நேரடியான, உடனடியான உடல்நலக் கேட்டை நீக்குவதற்கு அவசியமென மருத்துவர் சான்றளிக்கும் சிகிச்சையும் மட்டும் விதிவிலக்கு.

ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். விதியில் இருப்பது 'மாற்றுவதற்கான சிகிச்சை'. எனக்கு வந்த கடிதத்தில் இருப்பது 'மாற்றும் சிகிச்சை'. முன்னது நோக்கத்தைச் சொல்கிறது, பின்னது விளைவைச் சொல்கிறது. குடல்வால் அறுவையும் தோற்றத்தைச் சற்று மாற்றத்தான் செய்யும். அதை யாரும் அழகு சிகிச்சை என்பதில்லை. நோக்கத்தை விளைவாகப் படித்ததால் ஒரு புண் ஆசையாக மாறிவிட்டது. 'உடனடி' என்ற சொல்லும் அத்தகையதே. மடிப்புப் புண் இன்று உயிரைப் பறிக்காது, என்றும் ஆறவும் ஆறாது. காலத்தால் அளக்கும் சொல், மீண்டும் மீண்டும் வருவதைப் பிடிக்காமல் நழுவவிடுகிறது. சட்டம் பருமனை நோயாக ஏற்கிறது; அந்நோய் நீங்கியபின் உடலில் விட்டுச்சென்றதை அந்நோயின் தொடர்ச்சியாக ஏற்பதில்லை. சரகரின் எட்டு வகைகளுக்கு இடையே இருந்த இடைவெளி இந்த இரண்டு விதிகளுக்கு இடையே அப்படியே இருக்கிறது.

இதே நிலையில் உள்ள மாணவ நண்பர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அறுவைகள் இரண்டு, அவற்றைக் குழப்ப வேண்டாம். தொங்கும் மடிப்பை மட்டும் அகற்றுவது பானிகுலெக்டமி. தசையையும் இறுக்கித் தொப்புளை இடம் மாற்றி வயிற்றைச் சீராக்குவது அப்டமினோபிளாஸ்டி. முன்னதை மருத்துவத் தேவையாக நிறுவுவது ஒப்பீட்டளவில் எளிது. புண் வந்த ஒவ்வொரு முறையும் மருத்துவரின் குறிப்பு, மருந்துச் சீட்டு, தேதியிட்ட படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். எந்தக் கேட்டை நீக்க இந்தச் சிகிச்சை என்று சான்றில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நானும் அவ்வாறே மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். நோக்கம், விளைவு என்னும் வேற்றுமையை அதில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். படிப்பவர் இலக்கணம் அறிந்தவராக இருக்க வேண்டும்.

பசேனதியை அடிக்கடி நினைக்கிறேன். துரோணத்திலிருந்து நாழிக்கு இறங்கிய ஒருவன் தன் வயிற்றைத் தடவியபோது அந்தக் கையில் ஒரு மடிப்பும் தட்டுப்பட்டிருக்காதா? நூல் அவன் மகிழ்ச்சியை மட்டும் சொல்கிறது. அந்த மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது உண்டு. மடிப்போடு சேர்ந்தே உண்டு.