‘விலைக்கு டிஎம் பண்ணுங்க...’ கொரோனா மாற்றிய சோஷியல் மீடியா வியாபாரம்: ராஜகீழ்ப்பாக்கம் முதல் இளம்பிள்ளை வரை!

“நாளைக்கு ஈவினிங் மெதுவடை, பருப்பு போளி. ஆர்டர் எடுக்கறோம். வீட்டுக்கே வந்து கொடுத்துடுவோம்.”

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பக்கம் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருவது இப்போது சாதாரணம். போளி, இட்லி மாவு, பிறந்தநாள் கேக், ஆரி வொர்க் பிளவுஸ், சேலை என எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் இருக்கிறது, ஒரு ரீல்ஸ் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தை வேகப்படுத்தியது 2020-ல் வந்த கொரோனா ஊரடங்கு. நோய் பயம் போய்விட்டது. ஆனால் அப்போது மாறிய வியாபார முறை மாறவே இல்லை. அப்படி என்ன மாறியது? வாங்குபவரும் விற்பவரும் எதில் உஷாராக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

2 கிலோமீட்டரில் ஆரம்பித்த கதை

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மே 5-ம் தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னை காவல் எல்லைக்குள் மீண்டும் முழு ஊரடங்கு. தாம்பரத்துக்குத் தனி காவல் ஆணையரகம் வந்தது 2022-ல்தான் என்பதால், ராஜகீழ்ப்பாக்கமும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

அந்த நாட்களில் மளிகை, காய்கறிக் கடைகளுக்குக் காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை மட்டுமே அனுமதி. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. வண்டி எடுக்கக் கூடாது. 2 கிலோமீட்டருக்குள் நடந்து போய்தான் வாங்க வேண்டும்.

கடைக்காரர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். தாம்பரம் - வேளச்சேரி சாலையில் ஆளே இல்லாதபோது போர்டு யாருக்கு? நோட்டீஸ் யாருக்கு? ஷட்டரில் போன் நம்பரை எழுதி வைத்து, “லிஸ்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க” என்று சொன்ன மளிகைக் கடைக்காரருக்கு அது மார்க்கெட்டிங் என்றே தெரியாது. ஆனால் கடையின் விளம்பரப் பலகை அன்றைக்கே வாடிக்கையாளரின் போனுக்குள் போய்விட்டது.

ஸ்டேட்டஸே கடை

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இந்தியாவுக்கு வந்தது 2018 ஜனவரியில். பொருட்களைப் படம், விலையோடு அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதி 2019 கடைசியில் வந்தது. கருவி முன்பே தயார். அதற்கான தேவையைக் கொண்டுவந்தது ஊரடங்குதான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரே மெசேஜை 256 பேருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே மெசேஜ் போகும். அதனால் ‘எத்தனை பேர் பார்த்தார்கள்’ என்பதைவிட, ‘எத்தனை பேர் நம் நம்பரை சேவ் செய்திருக்கிறார்கள்’ என்பதே வீட்டு வியாபாரிகளுக்கு முதல் கணக்கானது.

கூடவே பணம் வாங்குவதும் எளிதானது. 2020 ஏப்ரலில் சுமார் 100 கோடியாக இருந்த யுபிஐ பரிவர்த்தனைகள், அதே ஆண்டு அக்டோபரில் 200 கோடியைத் தாண்டின. 2023 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடியைக் கடந்தன. ஸ்டேட்டஸைப் பார்த்து, ஆர்டர் சொல்லி, பணமும் அனுப்பிவிடலாம். எல்லாமே அந்த ஒரே போனில்.

டிக்டாக் போச்சு, ரீல்ஸ் வந்துச்சு

2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. சுமார் 20 கோடி இந்தியர்கள் பயன்படுத்திய தளம் அது. ஜூலை 8-ம் தேதி இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. மூன்றே மாதத்தில் குட்டி வீடியோவின் முகவரி மாறியது.

விளம்பரத்தின் முகமும் மாறியது. ஷூட்டிங் நடத்த வழியில்லாத நேரத்தில், ஓனரே போனைப் பிடித்து “வாங்க, உள்ள போய் பார்க்கலாம்” என்று பேச ஆரம்பித்தார். பளபளப்பு இல்லாமல், சொந்த ஊர்ப் பேச்சோடு வரும் வீடியோவுக்கும் கூட்டம் சேரும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ பெரிய உதாரணம். 2018-ல் தொடங்கிய அந்த சேனல், 2021 ஜூலையில் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது.

“பார்டரைத் திருப்பிக் காட்டுங்க அக்கா”

ஜவுளியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். தொட்டுப் பார்த்து வாங்கியே பழகிய பொருள் சேலை. ஊரடங்கில் பெரிய ஜவுளிக்கடைகள்கூட வீடியோ காலில் சேலை விரித்துக் காட்டின. வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் ஃபேஸ்புக், யூடியூப் லைவுக்கு வந்தார்கள். கமென்ட்டில் கேட்டால் முந்தானையையும் பார்டரையும் உடனே திருப்பிக் காட்டுவார்கள். பிடித்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், சேலை புக் ஆகிவிடும்.

இதில் ரீசெல்லர்கள் ஒரு தனி சங்கிலி. சேலைக்குப் பேர்போன சேலம் மாவட்டம் இளம்பிள்ளை போன்ற ஊர்களிலிருந்து படங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும். ரீசெல்லர் தன் லாபத்தைச் சேர்த்து ஸ்டேட்டஸில் போடுவார். ஆர்டர் வந்தால் சேலை நேராக வாடிக்கையாளர் வீட்டுக்கு கூரியரில் போகும். கையில் ஸ்டாக் வேண்டாம், கடை வாடகை வேண்டாம். 2015-ல் தொடங்கிய மீஷோ வளர்ந்ததே இந்த முறையில்தான். வேலை போன வீடுகளுக்கும் சம்பளம் குறைந்த வீடுகளுக்கும் ஊரடங்கில் இது ஒரு கைத்தாங்கல்.

நம்பிக்கைக்கு யார் கேரண்டி?

கவனித்தால், கொரோனா ஒரே நேரத்தில் இரண்டு எதிர்த் திசைகளில் வியாபாரத்தை இழுத்திருக்கிறது. ஒன்று, 2 கிலோமீட்டருக்குள் சுருங்கிய வாட்ஸ்அப் வியாபாரம். இன்னொன்று, எல்லையே இல்லாத ரீல்ஸ் வியாபாரம்.

முதலாவதில் ஏமாற்றுவது கஷ்டம். வடை ஊசிப்போயிருந்தால், விற்றவரை மறுநாள் லிஃப்டில் பார்த்துக் கேட்டுவிடலாம். குரூப்பில் நாலு பேர் எழுதிவிடுவார்கள். இரண்டாவதில் அந்தப் பயம் இல்லை. முகம் தெரியாத பக்கத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, பிளாக் ஆனபின் யாரிடம் கேட்பது? ‘வேற லெவல் டேஸ்ட்’ என்று சொல்பவர் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்குதான் சட்டம் உள்ளே வந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஊரடங்கு காலமான 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் வந்த இ-காமர்ஸ் விதிகள், பொருளின் மொத்த விலையையும் திருப்பி எடுக்கும் விதிமுறையையும் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. ‘விலைக்கு டிஎம் பண்ணுங்க’ என்ற பழக்கம் இதன் நோக்கத்துக்கே நேர் எதிரானது.

இன்ஃப்ளூயன்சர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-ல் வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசமாகப் பொருள் வாங்கியிருந்தாலும், ஓசியில் ஹோட்டலில் தங்கியிருந்தாலும் ‘இது விளம்பரம்’ என்று வீடியோவிலேயே, அதே மொழியில் சொல்ல வேண்டும். டிஸ்கிரிப்ஷனில் ஒளித்து வைத்தால் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வாங்குபவர்கள் கவனிக்க...

* புதிய பக்கமா? முதல் ஆர்டர் சின்னதாக இருக்கட்டும். முடிந்தால் கேஷ் ஆன் டெலிவரி கேளுங்கள்.
* பாலோயர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கமென்ட் பகுதியை மூடி வைத்திருந்தால் யோசியுங்கள்.
* ‘ரீஃபண்ட் வரும், க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்றால் அது மோசடி. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை.
* பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.
* பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள். பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விற்பவர்கள் கவனிக்க...

* வீட்டில் சமைத்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு தேவை. சிறு வியாபாரிகளுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்த 14 இலக்க எண்ணை ஸ்டேட்டஸில் போடுங்கள். அதுவே நல்ல விளம்பரம்.
* விலையை வெளிப்படையாகப் போடுங்கள். கேட்கத் தயங்கியே நகர்ந்துவிடும் வாடிக்கையாளர்கள் நிறைய.
* அனுமதி கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். தொல்லை என்று நினைத்து ரிப்போர்ட் செய்தால் உங்கள் நம்பரே முடங்கலாம்.
* வாடிக்கையாளர் பெயரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிக்டாக்கில் லட்சக்கணக்கில் பாலோயர் வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுக்க முடங்கின.

சோஷியல் மீடியா பக்கம் என்பது வாடகைக் கடை மாதிரி. ஓனர் எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம். ஆனால் ‘அவங்ககிட்ட வாங்கினா நல்லா இருக்கும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தையை எந்த ஆப்பும் பூட்ட முடியாது. அந்த 2 கிலோமீட்டர் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள்தான், ஊரடங்கு முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் வியாபாரத்தில் நிற்கிறார்கள்.