உவர்மண்ணும் வெள்ளாவியும்

உவர்மண் என்பது வறண்ட நிலத்தில் வெண்மையாகப் பூத்துக் கிடக்கும், காரத்தன்மை கொண்ட மண்ணாகும். சோப்பு பரவுவதற்கு முன், சங்கரன்கோவில் முதலிய திருநெல்வேலிச் சீமை ஊர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் துணி வெளுக்க இம்மண் பயன்பட்டது. ஔவையார் பாடிய புறநானூற்றின் 311ஆம் பாடல், களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் புலைத்தி வெளுத்த ஆடையைக் குறிப்பிடுகிறது.

வெளுக்கும் முறை

அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிவார்கள். அடுப்பில் ஏற்றிய தண்ணீர்ப் பானையின் வாயைச் சுற்றியும் மேலும் துணிகளை அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவிடுவார்கள். இதுவே வெள்ளாவி. காலையில் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசி, வெயிலில் காயப்போடுவார்கள்.

பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டையும், தலைக்குச் சிகைக்காயும் உசிலை இலையை அரைத்த அரப்பும், உடம்புக்குப் பயற்றமாவும் பயன்பட்டன. பூந்திக்கொட்டையிலும் சிகைக்காயிலும் உள்ள சப்போனின் என்னும் பொருளே நுரை தருகிறது.

வேதியியல்

வட அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர், விறகுச் சாம்பலில் வடித்த காரநீரை விலங்குக் கொழுப்புடன் காய்ச்சி வீட்டிலேயே சோப்பு செய்தனர். வெள்ளாவியிலும் அடிப்படை அதுவே. உவர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட், துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குடன் ஆவிச் சூட்டில் வினைபுரிகிறது. அங்கே கொப்பரையில் உருவான சோப்பு, இங்கே சிறிதளவு துணியிலேயே உருவானது.

உழைத்தவர்கள்

அமெரிக்கக் குடியேறிகளுக்கு இது வீட்டு வேலை. இங்கோ ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட தொழில். வண்ணார் குடும்பங்களுக்கு அறுவடைக் காலத்தில் தானியமும் அன்றாடம் சோறுமே கூலி. பிறப்பு, பூப்பு, இறப்பு ஆகியவற்றின் தீட்டுத் துணிகளையும் அவர்களே வெளுத்தனர். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கொடியது. அவர்களைக் காண்பதே தீட்டு என்பதால், திருநெல்வேலி மாவட்டத்தில் பகலில் வெளியே வர அனுமதியின்றி இரவில் வேலை செய்ததை 1932இல் தி இந்து நாளிதழ் பதிவுசெய்தது. ஊரின் அழுக்கைப் போக்கியவர்களையே ஊர் அழுக்கென்று ஒதுக்கியது.

மாற்றம்

1888இல் சன்லைட் சோப்பு இந்தியாவுக்கு வந்தது. பின்னர் சோப்பும் சலவை சோடாவும் சலவைத்தூளும் பரவ, உவர்மண் எடுக்கும் வழக்கம் அருகியது. சோப்பைக் குறிக்கும் ‘சவுக்காரம்’ என்ற சொல்லில் மட்டும் பழைய ‘காரம்’ இன்னும் ஒலிக்கிறது.