திருவொற்றியூர்ப் புற்றும் மறைத்துவைத்த திருமேனியும்

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் அத்திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டுமே நேரில் காணலாம். அப்போதுதான் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். ஒழுங்கற்ற வடிவில் தெய்வ உருவைக் காணும் வழக்கத்தை விளக்க வருவோர் பெரும்பாலும் கண்ணிலிருந்தே தொடங்குகிறார்கள். முதலில் உருவம் தென்படும், பிறகு நம்பிக்கை பிறக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒற்றியூரில் அந்தக் கணக்கு பாதிதான் செல்லும். காண்பதைக் கட்டுப்படுத்தியதே இங்கு அந்த வடிவின் பொருளைக் காத்து வந்திருக்கிறது.

கறையான் கட்டிய மண்மேட்டில் பாம்பு குடிபுகுவது யாரும் அறிந்தது. அந்த மேட்டின் மடிப்பிலும் புடைப்பிலும் நாகத்தைக் காண்பதற்குப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. வாசுகி இத்தலத்து இறைவனோடு ஒன்றிவிட்டதாகத் தலபுராணம் சொல்லும். படம்பக்கநாதர் என்ற திருப்பெயரைக் கோயில் மரபு அக்கதையோடு சேர்க்கிறது. பெயரின் பழமைக்குக் கல்வெட்டே சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திர விழாவின்போது இக்கோயிலில் ஆளுடைய நம்பியின் (சுந்தரரின்) புராணம் கேட்டதைப் பதிவுசெய்யும் கல்வெட்டு, இறைவனைப் படம்பக்க நாயகர் என்றே குறிக்கிறது. அரசனுடன் அமர்ந்து கேட்டவர்களில் மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரும் ஒருவர். அது வழிவழியாக வந்த பட்டப்பெயர். 949இல் தக்கோலப் போரில் மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தனின் கேரளத் தோழர் துறவு பூண்டு இங்கு வந்து சேர்ந்ததிலிருந்து அந்த மரபு தெரியவருகிறது. கதையைச் சொல்லவும் கேட்கவும் மடம், மண்டபம், திருவிழா எல்லாம் இருந்த ஊர் இது.

வடிவை அப்படியே காத்தார்கள் என்பதற்கு வலுவான சான்று கட்டடம். முதலாம் இராசேந்திரன் காலத்தில், அன்றைய சதுரானன பண்டிதரின் முயற்சியால், இரவி என்ற வீரசோழத் தச்சன் கருவறை விமானத்தைத் தூங்கானை மாடமாகக் கருங்கல்லில் எழுப்பினான். கல்லில் எதையும் வடிக்கத் தெரிந்த கைகள் அவை. அந்தக் கைகள் நடுவிலிருந்த புற்றுருவைத் திருத்தவில்லை, அதன்மேல் ஒரு பாம்புப் படத்தைக்கூட வடித்துக்காட்டவில்லை. திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. தெளிவாக்கினால் குறைந்துபோகும் என்ற எண்ணம் அங்கு வேலைசெய்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

இதெல்லாம் மூளையின் பழக்கம்தானே என்று கேட்கலாம். தொடர்பற்றவற்றில் தொடர்பைக் காணும் போக்குக்கு ஜெர்மானிய மனநல மருத்துவர் கிளாஸ் கொன்ராட் 1958இலேயே பெயர் வைத்துவிட்டார். 1976இல் வைக்கிங் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் செவ்வாயில் ஒரு முகம் தெரிந்தது. 2001இல் வந்த தெளிவான படத்தில் அது வெறும் மேடாகிவிட்டது. ஆனால் கூர்ந்து பார்த்தால் கலையும் உருவத்துக்கே அந்த எடுத்துக்காட்டு பொருந்தும். கூர்ந்து பார்ப்பதையே முறைப்படுத்திய இடத்தில் அது செல்லாது. தொண்டை நாட்டில் எண்ணற்ற புற்றுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அவற்றுள் ஒன்றுமட்டும் ஏன் சோழர் விமானம் பெற்றது என்பதற்கு மூளையில் விடை இல்லை.

இன்னொரு தடை நியாயமானது. புற்றைப் புற்றாகவே வணங்கினார்கள், அதில் உருவம் எதையும் தேடவில்லை என்பது. தொடக்கத்தில் அப்படி இருந்திருக்கலாம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நாகக் கதை சேர்ந்த பிறகு அதே மண் வேறு விதமாக வாசிக்கப்பட்டது. கவசம் புற்றின் மென்மையைக் காக்கத்தான் என்போரும் உண்டு. திருமுல்லைவாயிலை அவர்கள் கவனிக்க வேண்டும். அங்கு மாசிலாமணீசுவரரின் திருமேனியில் உள்ளதைத் தொண்டைமான் மன்னனின் வாள் பட்ட வடுவாகக் கொள்கிறார்கள். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிட்டு, சித்திரைச் சதயத்தையொட்டித்தான் அதைக் களைகிறார்கள். அங்கு மறைப்பது புற்றின் மென்மையை அல்ல, வடுவை. பௌர்ணமியோடு கூடிய வெள்ளியன்று வடசென்னைப் பெண்கள் மேலூர்த் திருவுடையம்மனையும் ஒற்றியூர் வடிவுடையம்மனையும் முல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிக்கும்போது இந்த இரண்டு கோயில்களுக்கும் போகிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாளில் ஒற்றியூர்ப் புற்று கவசத்துக்குள்ளும் முல்லைவாயில் வடு சந்தனத்துக்குள்ளும்தான் இருக்கும்.